குமரி மாவட்டத்தில் ஏழைக் குடும்பம் அரசு உதவியில் வீடு கட்ட: பட்டா முதல் கடைசித் தவணை வரை

மேல்புறம், திருவட்டாறு ஒன்றியங்களில் சில குடும்பங்களோடு வீட்டு விண்ணப்பத்துக்காகக் கூடவே அலைந்திருக்கிறேன். எங்கள் அம்மா வீட்டுக்கும் அலைந்தேன். பலரும் செய்கிற தப்பை நாங்களும் செய்தோம். முதலில் விண்ணப்பத்தைக் கொடுத்தோம், அப்புறம்தான் மனை யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தோம். ஒன்றரை வருடம் அதில் போயிற்று.

வீட்டுக்கு உதவ ஏதாவது ஒரு திட்டம் எப்போதும் இருக்கும். அதன் பெயரும் தொகையும் ஆட்சிக்கு ஆட்சி மாறும். மாறாதது காகிதம். அதைச் சரிசெய்து வைத்திருப்பவருக்கு எந்தத் திட்டம் வந்தாலும் இடம் உண்டு. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. வீடு இருப்பது ஊராட்சியிலா, பேரூராட்சியிலா?

வேறு மாவட்டங்களில் இந்தக் கேள்வி இவ்வளவு வராது. குமரியில் ஊராட்சிகள் வெறும் 95தான், பேரூராட்சிகள் ஐம்பது வாக்கில். பொன்மனை, கடையால், திற்பரப்பு பக்கம் போய்ப் பாருங்கள். எங்கு திரும்பினாலும் ரப்பர் மரம், நடுவே ஒற்றையடிப் பாதை, தள்ளித் தள்ளி வீடுகள். பார்த்தால் பட்டிக்காடு. அரசுக் கணக்கில் அது பேரூராட்சி, அதாவது நகர்ப்புறம்.

ஊரக வீட்டுத் திட்டங்கள் ஊராட்சிக்கு மட்டும்தான். பேரூராட்சியில் குடியிருப்பவர் ஒன்றிய அலுவலகத்தில் எத்தனை மனு கொடுத்தாலும் அது நகராது. யாரும் வேண்டுமென்று மறுப்பதில்லை, அந்த மனுவைப் பதிய அங்கே இடமே கிடையாது. ஒரு அக்கா இரண்டு வருடம் ஒன்றிய அலுவலகப் படியேறிய பிறகு, ஒரு இளநிலை உதவியாளர் வீட்டு வரி ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க பேரூராட்சி. இங்க உங்களுக்கு ஒண்ணும் கிடையாது" என்றார். அந்த ரசீதின் தலைப்பிலேயே அது அச்சாகியிருந்தது.

நீங்களும் வீட்டு வரி ரசீதின் தலைப்பைப் பாருங்கள். ஊராட்சி என்றால் உங்கள் ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலகம். அகஸ்தீஸ்வரம், ராஜாக்கமங்கலம், தோவாளை, குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டாறு, கிள்ளியூர், முன்சிறை, மேல்புறம் என்று ஒன்பது ஒன்றியங்கள். பேரூராட்சி என்றால் செயல் அலுவலரையும், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தையும் பார்க்க வேண்டும். பழைய குடிசை மாற்று வாரியம்தான் இப்போது இந்தப் பெயரில் இருக்கிறது.

2. மனை யார் பெயரில்?

நான் பார்த்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் முட்டி நின்றன. அதனால் இந்தப் பகுதி நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு பாட்டி தன் வீட்டுத் திண்ணையில் ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, கரண்ட் பில், முப்பது வருடத்து வீட்டு வரி ரசீதுகள், பேரனின் தடுப்பூசி அட்டைகூட இருந்தது. "மக்களே, இவ்வளவும் இருக்கு. பின்ன என்ன வேணும்?" என்றார். வேண்டியது ஒன்றே ஒன்று: பட்டா. அது மட்டும் பையில் இல்லை. வரி ரசீது நீங்கள் அங்கே குடியிருப்பதைக் காட்டும். மண் உங்களுடையது என்று அது சொல்லாது.

முதல் வேலையாகப் பட்டாவைப் பாருங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் வட்டம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்) கொடுத்தால் இலவசமாகப் பார்க்கலாம். கைபேசியே போதும். இங்கே கவனிக்க ஒன்று உண்டு. வருவாய் கிராமத்தின் பெயரும் நீங்கள் ஊர் என்று சொல்லும் விளையின் (தோட்டம் சூழ்ந்த குடியிருப்பின்) பெயரும் வேறுவேறாக இருக்கும். பத்திரத்தில் எழுதியிருக்கும் வருவாய் கிராமத்தைத்தான் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் பிரமாணம் என்று சொல்லி பெட்டியடியில் வைத்திருப்பார்களே, அந்தப் பத்திரம்தான்.

பார்த்தால் பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரியும்.

இறந்தவர் பெயரில் இருந்தால்: முதலில் இறப்புச் சான்று, அடுத்து வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், 60 ரூபாய்க் கட்டணம். வாரிசுச் சான்று வந்ததும் மனை தானாக உங்கள் பெயருக்கு வந்துவிடாது. வாரிசுகள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் வரும். மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும், அல்லது எல்லாரும் சேர்ந்து பாகப்பிரிவினை செய்ய வேண்டும். அதைப் பதிவுசெய்த பிறகே தனிப்பட்டா.

கூட்டுப்பட்டாவாக இருந்தால்: 40 சென்ட் மனையில் உங்களுக்கு 5 சென்ட் என்று பத்திரம் இருக்கும், பட்டாவில் ஏழு பெயர் இருக்கும். உட்பிரிவு செய்து தனிப்பட்டா கேட்டு விண்ணப்பியுங்கள். நில அளவையர் வந்து அளந்து கல் போட வேண்டும் என்பதால் இதற்குத்தான் அதிக நாள் ஆகும். அளக்கும் நாளில் பக்கத்து மனைக்காரர்கள் வீட்டில் இருப்பார்களா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். ஒருவர் இல்லையென்றாலும் பின்னால் வந்து தகராறு செய்வார், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

மனைவியின் அப்பா பெயரில் இருந்தால்: நம் ஊரில் இது சாதாரணம். கல்யாணத்தின்போது "இந்த 5 சென்ட் உனக்கு" என்று வாயால் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இருபது வருடம் கழித்தும் பத்திரம் இருக்காது. அப்பா உயிரோடு இருக்கும்போதே தானசெட்டில்மென்ட் எழுதி வாங்கிவிடுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. சின்ன மனைக்கு இந்த உச்சவரம்பு வரை போகாது. அப்பா இறந்துவிட்டால் அண்ணன் தம்பி எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதில் ஒருவர் வளைகுடாவில் இருப்பார், இன்னொருவர் உங்களோடு பேசமாட்டார்.

புறம்போக்காக இருந்தால்: சானல் (கால்வாய்) கரை, குளத்தங்கரை, ஓடைக் கரையில் இருப்பவர்களுக்கு அந்த இடத்துக்கே பட்டா வராது. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கொடுக்கக் கூடாது என்பதில் நீதிமன்றங்கள் கண்டிப்பாக இருக்கின்றன. அங்கே கிடைக்கும் என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம். வேறு இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். கிராமப் பகுதியில் 3 சென்ட் வரை கொடுக்க விதி இருக்கிறது. ரப்பர் தோட்டக் குடியிருப்புகளில் இருக்கும் தொழிலாளர்களுக்கும் இதுதான் வழி, ஏனென்றால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது, அவர்களுக்குச் சொந்தமில்லை.

மலையோரத்தில் வேறு சிக்கல்கள் உண்டு. காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்பு காட்டு நிலத்தில் என்றால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் கிடைக்கும் தனிநபர் உரிமைப் பட்டாவைக் காட்ட வேண்டும். சில இடங்கள் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். அங்கே பத்திரப் பதிவே சிக்கலாகும், அதனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் புல எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையோர மனை என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்று கேளுங்கள்.

இத்தனையும் முடிய ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். திட்டம் அறிவித்த பிறகு தொடங்கினால் பட்டா வரும்போது அந்த வருடத்துக்கு ஒதுக்கிய வீடுகளின் எண்ணிக்கை முடிந்திருக்கும். திட்டம் இருக்கிறதோ இல்லையோ இதை இன்றைக்கே தொடங்குங்கள்.

3. பெயர், கணக்கு

ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, வங்கிப் புத்தகம் நான்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். நம் மாவட்டத்தில் இது கொஞ்சம் பெரிய தொல்லை. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று, பள்ளிக்கூடத்தில் எழுதியது ஒன்று. ஒரு அம்மாவுக்கு ஆதாரில் தங்கபாய், பட்டாவில் தங்கபாக்கியம், வங்கியில் கணவர் பெயரோடு சேர்த்து ஒன்று. மூன்றும் ஒரே ஆள் என்று கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆதாரை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள்.

வங்கிக் கணக்கு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. அரசுப் பணம் கடைசியாக ஆதாரோடு இணைத்த கணக்குக்குத்தான் போகும், நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்குப் போகும் என்று நினைக்காதீர்கள். எப்போதோ எரிவாயு மானியத்துக்காக இணைத்துவிட்டு மறந்த கணக்கில் போய் உட்காரும். வங்கியில் கேட்டு எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள்.

அடுத்தது, பழைய கடன் பாக்கி இருக்கும் வங்கியில் வீட்டுப் பணம் வாங்காதீர்கள். கல்விக்கடன் தவணை நின்றிருந்த ஒரு குடும்பத்துக்கு முதல் தவணை வந்த அன்றே கணக்கை முடக்கிவிட்டார்கள். அஸ்திவாரத்துக்குக் கல் இறக்கியவர் வாசலில் நிற்கிறார், பணம் கணக்கில் இருக்கிறது, எடுக்க முடியவில்லை. வேறு வங்கியில் ஒரு ஜன்தன் கணக்கு தொடங்கி அதை ஆதாரோடு இணைத்திருந்தால் இது நடந்திருக்காது.

இ-சேவை மையத்தில் வருமானச் சான்றும், தேவையென்றால் சாதிச் சான்றும் இப்போதே எடுத்துவிடுங்கள். வேலை உறுதித் திட்ட அட்டை இல்லாதவர்கள் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டு வேலைக்கான கூலி அதன் வழியாகத்தான் வரும்.

4. எந்தத் திட்டத்துக்குள் வருகிறீர்கள்?

குடிசையில் இருப்பவருக்கு, ஊராட்சிப் பகுதியில், 2024-25-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம். ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். 360 சதுர அடி வீடு, அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்கு வேறு வகைக் கூரை. ஓலையோ ஆஸ்பெஸ்டாஸோ போட முடியாது. குடிசைக் கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், சொந்த மனையும் பட்டாவும் இருக்க வேண்டும்.

மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டம் பிரதமர் வீடு என்று பரவலாகச் சொல்லப்படுவது. சமவெளிக்கு 1.20 லட்சம், அதை மத்திய மாநில அரசுகள் 60:40 என்று பகிர்கின்றன. தமிழ்நாட்டில் கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு தனியாக 1.20 லட்சம் சேர்க்கிறது. வேலை உறுதித் திட்டக் கூலியும் கழிவறைக்கு 12,000 ரூபாயும் இதற்கு மேல். இதிலும் பட்டியல்தான் முக்கியம். முதலில் 2011-ஆம் ஆண்டு கணக்கெடுப்பு, அப்புறம் அதில் விடுபட்டவர்களுக்காக எடுத்த ஆவாஸ் பிளஸ் கணக்கெடுப்பு.

இந்தத் திட்டத்தின் தகுதி விதிகள் 2024-இல் தளர்ந்தன. முன்பு பைக், குளிர்சாதனப் பெட்டி, இயந்திரப் படகு இருந்தால் தள்ளிவிடுவார்கள். இப்போது அவை தடையில்லை. "உங்க வீட்ல பைக் நிக்குதே" என்று யாராவது சொன்னால் பேசாமல் திரும்பி வராதீர்கள். ஆனால் ஆட்டோ, கார் போன்ற மூன்று நான்கு சக்கர வண்டி இருந்தாலும், அரசு ஊழியர் ஒருவர் இருந்தாலும், குடும்பத்தில் ஒருவர் மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தாலும் தடை. சொந்த ஆட்டோ ஓட்டிக் கஞ்சி குடிப்பவரை இதில் சேர்த்தது நியாயமில்லை என்பது என் எண்ணம். ஆனாலும் விதி விதிதான்.

ஓட்டு வீடுதான் நம் மாவட்டத்தின் வேதனை. மண்சுவர், செல்லரித்த உத்தரம், பத்து ஓடு உடைந்து மேலே தார்பாய். குடியிருக்க லாயக்கில்லை, ஆனால் குடிசைக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. அந்த வீடு ஒருகாலத்தில் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடா அல்லது காலனி வீடா என்று பாருங்கள். 2000-01-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய வீடுகளைப் பழுதுபார்க்க ஊரகத் துறையில் தனித் திட்டம் வந்திருக்கிறது, மிக மோசமான வீடுகளை இடித்துக் கட்டவும் ஒன்று வந்தது. சொந்தக் காசில் கட்டிய ஓட்டு வீடு என்றால் ஆவாஸ் பிளஸ் பட்டியலில் சேர முயலுங்கள்.

பேரூராட்சிக்காரர்களுக்கு நகர்ப்புறப் பிரதமர் வீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருப்பவர் சொந்த மனையில் கட்ட மத்தியப் பங்கு 1.50 லட்சம், அதோடு மாநிலப் பங்கு.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். நம் மாவட்டத்தில் கொத்தனாரும் கையாளும் இல்லாத தெரு இல்லை. ஊருக்கெல்லாம் வீடு கட்டிவிட்டுத் தான் ஒழுகும் கூரையில் படுப்பார்கள். வாரியத்தில் பதிந்து, தவறாமல் புதுப்பித்து வந்த உறுப்பினருக்குச் சொந்த மனையில் வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும் திட்டம் இருக்கிறது. அட்டை இருந்தும் புதுப்பிக்காமல் காலாவதியாக விட்டவர்கள் ஏராளம். முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு திட்டம்தான். ஒன்றை வாங்கியவர் மற்றொன்றுக்கு எழுதினால் ஆதார் காட்டிக்கொடுத்துவிடும்.

5. விண்ணப்பம், கிராம சபை

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. "பெயரை ஏத்தி விடுதேன்" என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். அவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களிடம் வந்திருப்பார். ஏற்கெனவே இருக்கும் பெயருக்குப் பணம் வாங்குவது இதில் ஒரு தொழில்.

ஊராட்சிச் செயலரிடம் போய், உங்கள் பெயர் எந்தப் பட்டியலில், எத்தனையாவதாக இருக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கிராம சபைக்கு மனுவோடு போங்கள். வருடத்தில் ஆறு நாள் நடக்கும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் நிர்வாகம் என்றாலும் இந்தக் கூட்டம் உண்டு.

சபையில் எழுந்து பேசினால் போதாது. மனுவை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் உங்கள் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். பயனாளிகள் பட்டியலுக்கு ஒப்புதல் கொடுக்கும் இடம் அதுதான். நவம்பர் 1 நமக்கு உள்ளூர் விடுமுறை வேறு, அதனால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வர வசதியான நாள்.

மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது அலுவலர் மாறியிருப்பார்.

6. உத்தரவு வந்த பிறகு, தோண்டுவதற்கு முன்

உத்தரவு கையில் வந்ததும் சந்தோஷத்தில் பழைய வீட்டைப் பிரித்துவிடுகிறார்கள். வேண்டாம். ஓவர்சியர் வந்து பழைய வீட்டோடும் கட்டப்போகும் இடத்தோடும் உங்களை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். அந்தப் படத்தில் இடத்தின் ஆயத்தொலைவும் (ஜி.பி.எஸ். இருப்பிடம்) பதிவாகும். படத்துக்கு முன் குடிசை போய்விட்டால், குடிசை இருந்தது என்பதற்கே அத்தாட்சி இல்லை.

அடுத்தது காலம். நமக்கு இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழை, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. நடுவே கிடைக்கும் நீண்ட வெயில் ஜனவரி முதல் மே வரைதான். ஜனவரியில் அஸ்திவாரம் போட்டு மே முடிவதற்குள் கூரை வார்த்துவிட்டால் தப்பித்தீர்கள். செப்டம்பரில் தோண்டிய ஒரு குழி தீபாவளிக்குக் கிணறாகி, பக்கச் செம்மண் சரிந்து, மறுபடி தோண்டக் கூலி கொடுத்தார்கள். உத்தரவில் அவசரப்படுத்தினாலும் ஓவர்சியரிடம் மழையைச் சொல்லிப் பேசிப் பாருங்கள், அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

மனை சரிவில் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். மேல்புறம், திருவட்டாறு பக்கம் சமமான 5 சென்ட் கிடைப்பது அபூர்வம். கீழ்ப்பக்கம் ஆறடி கருங்கல் கட்டி எழுப்பினால் பணத்தில் பாதி மண்ணுக்குள் போய்விடும். முற்றம் சுருங்கினாலும் பரவாயில்லை, மேட்டுப்பக்கம் ஒதுக்கிக் கட்டுங்கள்.

பொருள் எப்படி வரும் என்பதை முன்பே பாருங்கள். லாரி மெயின் ரோட்டோடு நின்றுவிடும், வீடு உள்ளே 200 மீட்டரில் இருக்கும். மணலும் கல்லும் தலைச்சுமையாகப் போக வேண்டும். இந்தச் சுமட்டுக் கூலி எந்த மதிப்பீட்டிலும் இருக்காது, ஆனால் நான் பார்த்த ஒரு வீட்டில் அது சன்னல் கதவுகளின் விலையைத் தாண்டியது. வழி அடுத்தவர் விளை வழியாகப் போகிறதென்றால் வேலை தொடங்கும் முன்பே போய்ப் பேசி வையுங்கள். செங்கல் வந்து இறங்கிய அன்று பேசப் போனால் பேச்சு வேறு மாதிரி முடியும்.

கடைசியாக, அளவு. 360 சதுர அடி என்றால் 360தான். "எப்படியும் கட்டுறோம், கொஞ்சம் பெரிசா அஸ்திவாரம் போடுவோம்" என்று 700 சதுர அடிக்குப் போட்டவர்களின் வீடுகள் கம்பி நீட்டிக்கொண்டு நிற்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மச்சினன் வீட்டைப் பார்த்துக் கட்டாதீர்கள். பிறகு பெரிதாக்க இடம் விட்டு, இப்போது சிறிதாக முடியுங்கள்.

7. தவணை

பணம் முன்னால் வராது. வேலை முடிந்த பிறகே அந்தக் கட்டத்துக்கான தவணை. அஸ்திவாரம், லிண்டல் (கதவு, சன்னலின் மேல்மட்டம்), கூரை, முழு வேலை என்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓவர்சியர் வந்து அளந்து படம் எடுத்து பில் போடுவார். அதாவது அஸ்திவாரத்தை உங்கள் கைப்பணத்தில் அல்லது கடனில்தான் முடிக்க வேண்டும். இது தெரியாமல் தொடங்கியவர்கள் முதல் வாரத்திலேயே வட்டிக்காரரிடம் போய்விடுகிறார்கள்.

கொத்தனாரிடம் ஒப்பந்தமும் இந்தக் கட்டங்களின்படியே பேசுங்கள். அஸ்திவாரம் வரை இவ்வளவு, லிண்டல் வரை இவ்வளவு என்று நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மொத்தமாக முன்பணம் வாங்கியவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

சிமெண்டும் கம்பியும் ஒன்றியக் கிடங்கிலிருந்து தருவார்கள், அதன் விலை தவணையில் கழியும். எல்லா மூட்டையையும் ஒரே நாளில் தூக்கி வராதீர்கள். தார்பாய்க்கு அடியில் ஒரு மழைக்காலம் கிடந்த சிமெண்ட் கல்லாகிவிடும். அந்தந்தக் கட்டத்துக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள்.

ஒரு கட்டம் முடிந்த அன்றே ஓவர்சியருக்குச் சொல்லுங்கள். அவர் கையில் பல ஊராட்சிகள் இருக்கும், தானாக வர மாட்டார்.

8. பற்றாமல் போகிற பணம்

மூன்றரை லட்சத்துக்குள் முடிந்த வீட்டை நான் பார்த்ததில்லை. ஒரு லட்சமாவது கையிலிருந்து போகும். அதை எங்கே எடுப்பது என்று தோண்டும் முன்பே முடிவுசெய்யுங்கள்.

என் வரிசை இது. வீட்டில் இருக்கும் நகையை கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைப்பது முதல். அடுத்து மகளிர் குழுவின் வங்கிக் கடன், குழு இல்லாதவர்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கேட்கலாம். வீடு தேடி வரும் வாரத் தவணைக் கடன் எனக்குப் பிடிக்காது. அரசுத் தவணை எப்போது வரும் என்று நிச்சயமில்லை, ஆனால் அவர்கள் திங்கட்கிழமை காலையில் நிச்சயமாக வருவார்கள்.

சபை, பங்கு, ஜமாத், கோவில் நிர்வாகம் என்று கேட்கவும் தயங்காதீர்கள். கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை இந்த மாதிரி உதவிகளைச் செய்கிறது. "உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஐயாயிரத்தோடு நிற்கும். "கதவு ஒன்று, சன்னல் மூன்று, இவ்வளவு ஆகும்" என்று கடைக்காரரின் விலைப்பட்டியலோடு போனால் அந்தப் பொருளாகவே வாங்கித் தந்துவிடுவார்கள்.

9. மழையில் வீடு இடிந்தால்

இதற்கு வரிசை வேறு, வேகமும் வேறு. விழுந்த சுவரையும் முறிந்து கிடக்கும் ரப்பர் மரத்தையும் அகற்றும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள், வீட்டுக்காரரும் படத்தில் இருக்கட்டும். அன்றே கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லி, எழுத்திலும் கொடுங்கள்.

அவர் அறிக்கையில் எழுதும் ஒரு சொல்லில் பெரிய தொகை மாறும். 2022-26 காலத்துக்கான மத்திய பேரிடர் நிவாரண நெறிமுறையில் முழுதும் அழிந்த குடிசைக்கு 8,000 ரூபாய். முழுதும் இடிந்த வீட்டுக்கு, அது மண்சுவர் வீடானாலும், சமவெளியில் 1.20 லட்சம், மலைப்பகுதியில் 1.30 லட்சம். பகுதி சேதத்துக்கு 15 சதவீதமாவது சேதமாகியிருக்க வேண்டும், அதற்கு மண் வீட்டுக்கு 4,000, கல் வீட்டுக்கு 6,500. ஓட்டு வீடு இடிந்ததைக் குடிசை என்று எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அறிக்கை மேலே போகும் முன் என்ன எழுதியிருக்கிறார் என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

10. தள்ளிவிட்டால்

"உங்களுக்கு வராது" என்று வாயால் சொல்வதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பட்டியலில் என் வரிசை எண் என்ன, நீக்கிய காரணம் என்ன, நீக்கிய தேதி என்ன என்று மூன்றே கேள்வி கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கட்டுரை மாதிரி நான்கு பக்கம் எழுதினால் பதிலும் அப்படியே சுற்றி வளைத்து வரும்.

பட்டாவை வட்டாட்சியர் மறுத்தால் மேல்முறையீடு கோட்டாட்சியரிடம். நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு கோட்டம், உங்கள் வட்டம் எதில் என்று பார்த்துப் போங்கள். மற்றவற்றுக்கு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள், அல்லது 1100 என்ற எண்.

திங்கட்கிழமை போகிறவர்கள் பழைய மனுக்களின் முத்திரை போட்ட நகல்களை தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். மஞ்சள் பைப் பாட்டி அப்படித்தான் போனார். பையைக் கவிழ்க்காமல், மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நான்காவது தாளில் அதிகாரி அவரை உட்காரச் சொன்னார்.